அந்த ஊர் ஒன்பதே முக்கால்

செல்போனிடம் நான் இதுவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன். அதையும் நானாகக் கேட்கவில்லை, மருமகளைக் கேட்கச் சொன்னேன்.

என் மகன் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் அவனைப் பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அன்று முழுக்க மருமகள் போனும் கையுமாகவே இருந்தாள். அதில் ஒரு பொம்மை விமானம் கடல்மேல் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. "இதோ, இங்க போய்க்கினு கீறாரு அத்தே. இன்னும் மூணு மணி நேரம்தான்" என்று எனக்கும் காட்டினாள். அவன் இறங்கி, அவனே பேசி, அவள் முகம் தெளிந்த பிறகு மெல்லக் கேட்டேன்.

"பம்பாய்லேர்ந்து குவைத்துக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு அதுல வருமா?"

"வரும். அங்க யாரு அத்தே கீறாங்க நம்மளுக்கு?"

"யாருமில்ல. சும்மாதான்."

அவள் தட்டிப் பார்த்துச் சொன்னாள். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். எங்கும் நிற்காமல் பறந்தால் நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நான் சரிம்மா என்று சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். பத்து வயதில் நான் அதை ஒன்றே முக்கால் மணி நேரம் என்று ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒருத்தி என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. அப்போது நாங்கள் மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தோம். இன்று லாரி நிற்கிற இடமெல்லாம் அன்று வேர்க்கடலைக் கொல்லை. சித்தப்பா கொத்தனார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குவைத்தில் கட்டட வேலை என்று யாரோ ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டுப் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். அங்கே விமானத்துக்காக இரண்டு வாரம் காத்துக் கிடந்தார்.

வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் இல்லை. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. சித்தி, சித்தப்பாவின் பெயரை மட்டும் பார்த்தால் அடையாளம் சொல்வாள். கல்யாணமான புதிதில் அவர் சாம்பலில் எழுதிக் காட்டிய பெயர் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத என்னை, வீட்டுக்குத் தபால் வந்தால் நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் உட்காருவார்கள். அந்தச் சமயம் மட்டும் நான் பெரிய மனுஷி. யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அந்த நாற்காலியை இழக்க எனக்கு மனசில்லை. நாற்காலி என்று சொல்வது பேச்சுக்குத்தான், நெல் மூட்டைமேல்தான் உட்காருவேன்.

காலாண்டு லீவில் ஒரு திங்கட்கிழமை, பம்பாயிலிருந்து உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு தாள். ஒன்று அப்பாவுக்கு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம், வேண்டிக்கொள்ளுங்கள் என்று நாலே வரி. அதை எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தேன்.

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. இப்போதும் எங்கள் பக்கம் நிறையப் பேர் பார்ப்பார்கள். பெருக்கித் தள்ளி, தலை முழுகுவதெல்லாம் திரும்பி வராதவர்களுக்குச் செய்கிற காரியம். காஞ்சிபுரம் போனவர் என்றால் இரண்டு மணி நேரம் துடைப்பத்தைத் தொடமாட்டோம். மெட்ராஸ் என்றால் மதியம் வரை. விமானத்தில் அரபு தேசம் போகிறவருக்கு எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் ஒருத்தரும் தொடப்பத்தைத் தொடக் கூடாது. ஆகாசத்துல போறவன். மண்ணுல போறவனாட்டம் இல்ல."

இரண்டாவது தாள் சித்திக்கு. அதைக் கூட்டத்தில் படிப்பது முறையில்லை. சித்தி என்னைக் கொல்லைப்புறம் வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வியர்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் தாளைப் பிரித்தாள்.

சித்தப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு விஷயத்தையும் தனி வரியில் எழுதுவார். நலம், நலமறிய ஆவல். சாப்பாடு பரவாயில்லை. உன் நினைவாகவே இருக்கிறது. இதைப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. சித்தி வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இந்த வரி வந்தது: "செவ்வாய் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதே முக்காலுக்குக் குவைத்தில் இறங்குகிறேன்."

அதற்கு அடுத்த வரி: "அது அந்த ஊர் ஒன்பதே முக்கால், அப்போது நம் ஊரில் பன்னிரண்டே கால்."

கண்ணால் படித்தேன். வாயால் படிக்கவில்லை.

ஒரே நேரம் எப்படி இரண்டு நேரமாக இருக்கும்? வகுப்பில் மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது டீச்சர் இப்படி ஒன்றும் சொல்லவில்லையே. படித்தால் சித்தி, "அப்படின்னா இன்னா?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டி வரும். சித்தப்பாதான் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டு அடிக்க மறந்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். குரலில் ஒரு தடங்கலும் இல்லாமல் அதற்கடுத்த வரிக்குத் தாவினேன். "பயப்படாதே, வேளைக்குச் சாப்பிடு."

"இரு இரு" என்றாள் சித்தி. "எட்டு மணிக்கு ஏறி ஒம்பதே முக்காலுக்கு எறங்கிடறாரா?"

"ஆமா. ஒன்றே முக்கால் மணி நேரம்." கணக்கை விரலில்லாமல் சொன்னேன்.

"இன்னாடி இது, நம்ம ஊரு பஸ்ஸு பாரீஸ் கார்னர் போயி சேரவே அவ்ளோ நேரம் ஆவுது. அரபு தேசம் மெட்ராஸ் தூரந்தானா?"

"ப்ளேன் சித்தி அது. வழியில நிறுத்தி ஆள் ஏத்துமா?"

"அதானே!" என்று சித்தி வாயில் கை வைத்துச் சிரித்தாள். "பூந்தமல்லியில டீ குடிக்க நிறுத்தமாட்டான் இல்ல." அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தூரம் குறைந்துபோன சந்தோஷம். கட்டினவர் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கப் போகிறார் என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கடலை பிடுங்கக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சித்தியும் நானும். கூடம் முழுக்க முதல்நாள் ஆய்ந்த கடலைச் செடி, மண், சருகு, கோழி எச்சம். கால் வைக்க இடமில்லை. சித்தி அதன் நடுவில் அப்பாவின் அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம், "பெரிய முள்ளு எங்க கீது, சின்ன முள்ளு எங்க கீது" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டு என் உயிரை எடுத்தாள். ஒன்பதே முக்கால் ஆனதும், "ஆச்சு சித்தி, எறங்கிட்டாரு" என்றேன், ஏதோ நானே ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி.

"அக்கா பொழுது சாயத்தானே சொன்னாங்க?"

"அம்மாவுக்கு இன்னா தெரியும்? லெட்டர்லயே எழுதிக் கீதே."

இன்னும் கால் மணி பொறுத்தாள். பிறகு எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். அவள் பெருக்கியதை நான் மறக்கவில்லை. வேலையாகச் செய்யவில்லை. மூலை மூலையாகக் குனிந்து, பாட்டு முணுமுணுத்து, பரண்மேல் ஒட்டடைகூட விடாமல் தள்ளினாள். பெருக்கினால்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். அதனால் அவ்வளவு ஆசை. சாணம் மெழுகினாள். சீயக்காய் தேய்த்துத் தலை முழுகினாள். வாசலில் கோலம் போட்டாள்.

உச்சிப்பொழுதுக்கு அம்மா வந்தாள். கோலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு பெருக்கச் சொன்னது உன்ன?"

"அவரு எறங்கியிருப்பாரு அக்கா. அதான் பத்து மணிக்கு..."

"எறங்கினத நீ பார்த்தியா? சாயங்காலம்னு நான் சொன்னது காதுல வுழலியா?"

நான் அப்போது கோழியைத் துரத்துகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டேன். அம்மா அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் குவைத்திலிருந்து தபால் வந்தது. சேர்ந்துவிட்டேன், வேலை கிடைத்தது, வெயில்தான் அதிகம். நான் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். பெருக்கினதை எல்லோரும் மறந்தார்கள். மாதம் ஒரு தபால் வந்தது. ஏழு மாதம் எல்லாம் நல்லபடியாக நடந்தது.

எட்டாம் மாதம் தந்தி வந்தது. கட்டடத்தில் சாரம் சரிந்து சித்தப்பா போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஒருவரும் முகம் பார்க்கவில்லை. சித்தி அழுதது கொஞ்சம்தான். எப்போதும் வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் முதலில் கடுமையாக இல்லை. ஒரே தட்டில் பிசைந்து ஊட்டிக்கூட விட்டாள். அதையும் சொல்லவேண்டும். "நான் எங்கயும் போவல அக்கா. இந்த வூட்லயே ஒரு மூலைல இருந்துக்கறேன்" என்று சித்தி சொன்னபோது, "யாரு உன்னப் போவச் சொன்னது?" என்றுதான் அம்மா கேட்டாள்.

எல்லாம் கெட்டது, சித்தப்பாவோடு ஒரே விமானத்தில் போன சுங்குவார்சத்திரத்து ஆள் ஒருவர் வந்தபோது. ஆடி மாதம். சித்தப்பாவின் தகரப் பெட்டியைக் கொடுக்க வந்தார். துக்க வீட்டில் நல்லதாக நாலு வார்த்தை பேசுவோம் என்று அந்தப் பயணத்தை எடுத்துச் சொன்னார். மேகம் பஞ்சு மாதிரி கீழே கிடந்ததாம். விமானத்தில் கொடுத்த ரொட்டியைச் சித்தப்பா தின்னாமல் பத்திரப்படுத்தினாராம்.

"நாலு மணி நேரத்துக்கு மேல கீதுங்க. நான் வாச்ச மாத்தவே இல்ல. கீழ எறங்கறப்போ நம்மூரு மணி சரியா பன்னண்டே கால்."

அவர் நல்ல மனிதர். ஒரு வீட்டை உடைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"பன்னண்டே காலா? இவ பத்து மணிக்கே பெருக்கி, தலையும் முழுகிட்டாளே."

அந்தப் பன்னிரண்டே காலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நீல மையில், சித்தப்பா கையெழுத்தில்.

"அவன் ஆகாசத்துல பறந்துக்கினு கீறப்போவே நீ தண்ணி ஊத்தி முழுகிட்டியா?" அம்மா கேட்டாள். "போய்ச் சேந்துட்டான்னு யாருடி சொன்னது உனக்கு?"

விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது. அதற்கப்புறம் அவர் ஏழு மாதம் உயிரோடிருந்தார், ஏழு தபால் எழுதினார். இது ஒருவர் வாயிலும் வரவில்லை. துக்கத்துக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அம்மா என்னை முதுகில் நாலு வைத்திருப்பாள், அதோடு போயிருக்கும். பத்து வயதுப் பெண்ணின் பிழையை வைத்து யாரை என்ன செய்ய முடியும்? நான் தூணை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"யாரும் சொல்லல அக்கா" என்றாள் சித்தி. "எனக்காத் தோணுச்சி. பெருக்கிட்டேன்."

தப்பித்தேன் என்றுதான் எனக்கு இருந்தது.

அதற்கப்புறம் அம்மா அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அப்பா, விதி என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போவார், இருட்டினால்தான் வருவார். ஒரு மாதம் சித்தி தாங்கினாள். பிறகு அவள் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து பஸ்ஸில் கூட்டிப்போனார். பஸ் கிளப்பிய புழுதி அடங்குமுன் அம்மா துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கினாள். சித்தி இன்னும் போய்ச் சேரவில்லையே, அம்மா மறந்துவிட்டாளா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தபால் படிக்க அதற்கப்புறம் நான் உட்காரவில்லை. கண் வலிக்கிறது என்பேன். ஆறாவதோடு பள்ளிக்கூடமும் போதும் என்றேன். பெண் பிள்ளைதானே என்று யாரும் வற்புறுத்தவில்லை. கல்யாணமாகிச் சுங்குவார்சத்திரம் வந்தபின், டெலிபோன் பூத்தில் ஒரு நாள் ஒரு பெண், துபாயில் இருக்கிற புருஷனிடம், "அங்க இப்போ மணி இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இது என்ன கேள்வி என்று பூத்துக்காரரிடம் விசாரித்தேன். அவர் மேஜைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக் காட்டினார், சூரியன் இந்தப் பக்கம், அந்த ஊர் அந்தப் பக்கம் என்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் எதற்குப் போனேனோ அதை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சித்தியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எனக்கு எதற்கும் கூச்சம். போய் என்ன சொல்வது என்றே வருஷங்கள் போயின. கடைசியில் துணிந்து, ஒரகடம் தாண்டி அவள் அண்ணன் இருந்த தெருவைத் தேடிப்போனபோது அங்கே தெரு இல்லை, நீளமாக ஒரு கம்பெனி மதில் இருந்தது. "இன்னாம்மா வோணும்?" என்று வாட்ச்மேன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஊர்க்காரர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம். சித்தி இருக்கிறாளா இல்லையா என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

சித்தி பஸ் ஏறுவதற்குச் சற்று முன்னால், அவள் அண்ணன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சித்தி என்னைக் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் அழைத்துப்போனாள். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"ஒரு தபா படி கண்ணு. மெதுவா. அங்க போனா யாரு படிச்சிக் காட்டுவாங்க எனக்கு?"

தாளைத் தன் மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டாள். நான் முதல் வரி படிக்க, அவள் விரல் முதல் வரியில் இருந்தது. நான் ஒரு வாக்கியம் முடித்து மூச்சு விட்டதும் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. அப்படியே வந்தோம். எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதே முக்காலுக்குக் குவைத்தில் இறங்குகிறேன். விரல் இறங்கியது, நான் அன்றைக்கு விட்ட அந்த வரிமேல் நின்றது. நான் அன்றைக்கு எப்படிப் படித்தேனோ அப்படியே படிக்கவேண்டும், மாற்றிப் படித்தால் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தோன்றியது. "பயப்படாதே, வேளைக்குச் சாப்பிடு" என்றேன். நிறுத்தாமல் கடைசி வரை போய், கீழே இருந்த சித்தப்பாவின் பெயரையும் படித்து முடித்தேன்.

சித்தியின் விரல் பெயருக்கு ஒரு வரி மேலேயே நின்றது.

அவள் விரலைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த அந்த ஒரே பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வைக்கோல் தாள் ஒன்றை உருவி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"என் வெரலுதான் எங்கியோ தப்பிப்போச்சி" என்று சொல்லி, விரலை மெல்ல நகர்த்தி அந்தப் பெயர்மேல் வைத்தாள். தாளை மடித்து இடுப்பில் செருகினாள். என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டாள். "நல்லாப் படிக்கணும், இன்னா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். சித்திக்குப் படிக்கத் தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே, அவள் பெட்டியைத் தூக்க முன்னால் ஓடினேன்.